‘தான்’ இல்லாத மொழி

“ஐ டோல்ட் ஹிம் எஸ்டர்டே ஒன்லி.” நம்மில் பலர் இப்படிப் பேசுகிறோம். பிரிட்டிஷ்காரர் காதுக்கு இது விநோதமாகப் படும். நமக்கு உறுத்தாது, ஏனென்றால் அந்த ‘ஒன்லி’ உண்மையில் நம்முடைய ‘தான்’. ‘நேற்றுதான் சொன்னேன்’ என்பதில் இருக்கும் தானுக்கு ஆங்கிலச் சட்டை மாட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ‘தான்’ கிடையாது. அழுத்தம் தரும் நம் ‘ஏ’காரமும் கிடையாது. அப்படியானால் அந்த மொழிக்காரர்கள் அழுத்திச் சொல்ல என்ன செய்கிறார்கள்?

‘மாலா நேற்று கண்ணாடியை உடைத்தாள்.’ இதில் தானை எங்கே ஒட்டுகிறோமோ அங்கே வெளிச்சம் விழும். மாலாதான் என்றால் வேறு யாருமில்லை. நேற்றுதான் என்றால் இன்றில்லை. சொற்களை முன்பின்னாகக் கலைத்துப் போட்டாலும் குழப்பம் வராது, எது உடைந்தது என்பதை ‘ஐ’ உருபு காட்டிக் கொடுத்துவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்திலும் இப்படி வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்து உதிர்ந்தபின், நிற்கும் இடமே வேற்றுமை ஆகிவிட்டது. வினைக்கு முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பது செயப்படுபொருள். பெயர் ஒட்டிய நாற்காலிகள் மாதிரி.

பேச்சில் குரலை உயர்த்திச் சமாளிக்கலாம். எழுத்தில் குரல் ஏது? அதனால் வாக்கியத்தையே இரண்டாகப் பிளக்கிறார்கள்: “இட் வாஸ் மாலா ஹூ புரோக் த மிரர்.” இதற்குப் பிளவு வாக்கியம் என்றே பெயர், டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1937-இல் வைத்தது. ‘கண்ணாடியை உடைத்தது மாலா’ என்று நாம் சொல்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. “இட் வாஸன்ட் மாலா ஹூ புரோக் த மிரர்” என்று மறுத்துப் பாருங்கள். மாலா தப்பித்துவிட்டாள், ஆனால் கண்ணாடி உடைந்தது உடைந்ததுதான். ‘யாரோ உடைத்தார்கள்’ என்ற செய்தி, விவாதத்துக்கே வராமல் பின்வாசல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. பிளவு வாக்கியத்தில் கேள்வி கேட்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

சரி, இந்த அழுத்தம் படிப்பவர் மூளையில் ஏதாவது செய்கிறதா? ‘மோசே பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?’ என்று 1981-இல் எரிக்சன், மாட்சன் என்ற இருவர் ஒரு சோதனையில் கேட்டார்கள். பலர் ‘இரண்டு’ என்றார்கள். பைபிள்படி பேழை கட்டியவர் நோவா. அது தெரிந்தவர்களே ஏமாந்தார்கள். 1988-இல் பிரெடார், மொடோலோ என்ற ஆய்வாளர்கள் இதையே பிளவு வாக்கியமாக்கி, ‘ஏற்றியது மோசே’ என்று அந்தப் பெயர்மேல் வெளிச்சம் விழும்படி கொடுத்தபோது, தவறைக் கண்டுபிடித்தவர்கள் கூடிவிட்டார்கள். அழுத்தம் வெறும் அலங்காரமில்லை, அது கவனத்தைத் திருப்புகிறது.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. “மாலா டிட் பிரேக் இட்” என்று ‘டிட்’டைச் செருகினால் ‘உடைக்கத்தான் செய்தாள்’. “நெவர் ஹேவ் ஐ ஸீன்” என்று எதிர்மறைச் சொல்லை முன்னால் கொண்டுவந்தால், துணைவினை எழுவாயைத் தாண்டி வந்தாக வேண்டும். இது பழைய ஆங்கிலம் விட்டுச்சென்ற தடம். ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் வினை இரண்டாவது இடத்துக்கு அடம்பிடிக்கும். ‘நெவர் ஐ ஹேவ் ஸீன்’ என்று எழுதிச் சிவப்பு மை வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

உவமையிலும் அழுத்தம் ஒளிந்திருக்கிறது. “ஆஸ் டெட் ஆஸ் எ டோர்நெயில்” என்பவருக்குக் கதவில் அடித்த ஆணியைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. ‘சந்தேகமே வேண்டாம், செத்தாச்சு’ என்பதுதான் அவர் சொல்வது. உவமை பழகித் தேய்ந்தால் ‘மிகவும்’ என்ற சொல்லின் வேலைக்கு வந்துவிடும்.

தேயாத உவமையில் இடம் முக்கியம். ‘இந்த சர்ஜன் கசாப்புக்காரர் மாதிரி’ என்றால் வசை. ‘இந்தக் கசாப்புக்காரர் சர்ஜன் மாதிரி’ என்றால் பாராட்டு. ஒப்புமை இருபக்கமும் ஒரே அளவில்லை என்பதை 1977-இல் உளவியலாளர் ஏமஸ் ட்வெர்ஸ்கி விரிவாக எழுதினார். உவமையாக வருவதன் பளிச்சென்ற குணம் உவமேயத்தின்மேல் ஏறுகிறது. எதிர்த்திசையில் அப்படி ஏறுவதில்லை.

தமிழில் ‘மான் மாதிரி அவள் ஓடுவதைப் பார்த்தேன்’ என்று எழுதலாம். மான் யார் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. அதையே வரிசை மாறாமல் “லைக் எ டியர், ஐ வாட்ச்ட் ஹர் ரன்” என்று எழுதினால் உவமை பக்கத்து நாற்காலியில் இருக்கும் ‘ஐ’ மேல் ஏறிவிடும். ஓடியது அவள், மான் ஆனது நான்.