வருசுட்டி, செல்சுட்டி: 'பேக்லிங்க்' தமிழில் எப்படி?

வேறொரு தளத்திலிருந்து நம் இணையப் பக்கத்தைக் காட்டும் லிங்க்தான் 'பேக்லிங்க்'. அதைத் தமிழில் எழுதும்போது சிலர் 'பின்னிணைப்பு' என்று போட்டுவிடுகிறார்கள். பேக் என்றால் பின், லிங்க் என்றால் இணைப்பு, கணக்கு சரிதான். ஆனால் நூலின் கடைசியில் வரும் அட்டவணைக்கும் ஆவணத்துக்கும் அது ஏற்கெனவே பெயர். 'நிறையப் பின்னிணைப்பு சேருங்கள், கூகுளில் மேலே வரலாம்' என்று படிப்பவர் கட்டுரையின் அடியில் எதையாவது ஒட்டப் போய்விடுவார்.

லிங்க் என்றால் முதலில் சங்கிலியின் ஒரு கண்ணி. நம் பக்கத்துக்கு வரும் லிங்கை இன்பவுண்ட் என்றும் நம் பக்கத்திலிருந்து வெளியே போவதை அவுட்பவுண்ட் என்றும் சொல்வார்கள். அவற்றில் உள்ள 'பவுண்ட்' கட்டுவதைக் குறிப்பதல்ல; கிளம்பத் தயாரான என்று பொருள்படும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது. கப்பல் எங்கே போகிறது என்று சொல்லப் பயன்பட்டது.

'பேக்' எதற்கு? வலையில் லிங்க் ஒருவழிப் பாதை. என் பக்கத்துக்கு நீங்கள் லிங்க் கொடுத்தால் அது உங்கள் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். என் பக்கத்துக்கு அது தெரியவே தெரியாது. எல்லாப் பக்கங்களையும் படித்துப் பின்னோக்கிக் கணக்கெடுத்தால்தான் கண்டுபிடிக்க முடியும். 1996-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் அந்த வேலையில்தான் இறங்கினார்கள். அவர்களுடைய தேடுபொறிக்கு முதலில் வைத்த பெயரே 'பேக்ரப்'. அப்புறம்தான் அது கூகுள் ஆனது.

பக்கங்களை வரிசைப்படுத்த அவர்கள் வகுத்த பேஜ்ரேங்க் கணக்கில் வருகிற லிங்க் ஒவ்வொன்றும் ஓட்டு மாதிரி. ஆனால் எல்லா ஓட்டும் சமமில்லை. பலர் சுட்டும் பக்கத்திலிருந்து வரும் ஓட்டுக்கு எடை அதிகம். அந்தப் பக்கம் நான்கு பேரைச் சுட்டினால் ஆளுக்குக் கால் பங்கு. நூறு பேரைச் சுட்டினால் நூற்றில் ஒரு பங்கு. லிங்க் எந்தச் சொற்களின் மேல் இருக்கிறது என்பதையும் பார்த்தார்கள். 'இங்கே சொடுக்கவும்' என்பதன் மேல் வைத்தால் ஒன்றும் புரியாது. 'ஆடிப்பட்டக் கத்திரி நாற்று' என்பதன் மேல் வைத்தால் போகும் இடம் எதைப் பற்றியது என்று இயந்திரத்துக்கும் புரியும்.

ஓட்டு என்றால் விலைக்கு வாங்குவதும் வந்துவிடும் இல்லையா? ஒன்றுக்கொன்று லிங்க் கொடுத்துக்கொள்வதற்கென்றே போலித் தளங்கள் முளைத்தன. 2005-இல் 'நோஃபாலோ' குறி வந்தது: லிங்க் உண்டு, பரிந்துரை இல்லை என்று சொல்லும் குறி. 2012-இல் கூகுள் தன் தரவரிசை முறையில் செய்த பென்குவின் என்ற மாற்றத்தால் செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்கள் பல சரிந்தன. வெளியே லிங்க் கொடுத்தாலே தரவரிசை குறையும் என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. வாசகருக்குப் பயன்படும் இடத்துக்கு வழிகாட்டுவதில் தவறே இல்லை. காசு வாங்கிக்கொண்டு அதை மறைத்துக் கொடுப்பதுதான் கூகுளின் கணக்கில் விதிமீறல்.

சரி, சொல்லுக்கு வருவோம். இணைப்பு, தொடுப்பு, சுட்டி மூன்றும் புழக்கத்தில் உள்ளவை. என் ஓட்டு சுட்டிக்கு. இணைப்பு என்றால் இரு பக்கமும் கட்டுண்டது போல் தொனிக்கிறது. சுட்டுவதோ ஒரு பக்கத்து வேலைதான். திசையைக் காட்டவும் நம்மிடம் வழி இருக்கிறது. 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்கிறது 86-ஆம் குறள். அதே வார்ப்பில் இன்பவுண்ட் லிங்க் வருசுட்டி, அவுட்பவுண்ட் லிங்க் செல்சுட்டி. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்றும் மிகாது. பேக்லிங்குக்கும் வருசுட்டியே போதும்.

இன்பவுண்ட் லிங்குக்கு 'உள்சுட்டி' என்று வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரே தளத்துக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்குக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது.