‘உங்க கலருக்கு இது எடுக்காதுக்கா’

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தி.நகரில் ஒரு புடவைக் கடை. இவர் கை வைத்தது மாம்பழ மஞ்சள். “உங்க கலருக்கு இது எடுக்காதுக்கா, இதப் பாருங்க” என்று விற்பனையாளர் சந்தன நிறத்தில் ஒன்றை விரித்திருக்கிறார். கூட வந்த தங்கை அவரை ஒரு பிடி பிடித்துவிட்டார். இவரோ சந்தனத்துக்கே பணம் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். “ரெண்டு பேரும் ஒரே நிறம்தான் சார். எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

யாராவது நம்மை ஒதுக்கினால் மனசு உடனே காரணம் தேடும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழி யார் தலையில் விழுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் கிராக்கரும் சகாக்களும் 1991-ல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அறையில் ஒரு கறுப்பின மாணவர். பக்கத்து அறையில் ஒரு வெள்ளை மாணவர் இருப்பதாகச் சொல்கிறார்கள். நடுவே ஒருபக்கக் கண்ணாடி, அதில் ஒரு பட்டைத் திரை. நண்பராக ஏற்பாரா மாட்டாரா என்று அங்கிருந்து பதில் வரும். பதிலை முடிவு செய்வது ஆய்வாளர்கள்தான். திரையைச் சிலருக்கு ஏற்றி வைத்தார்கள், பக்கத்து அறைக்காரர் இவரைப் பார்க்கலாம். சிலருக்கு இறக்கி வைத்தார்கள், பார்க்க முடியாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

திரை இறங்கியிருக்கும்போது ‘வேண்டாம்’ என்று வந்தால் சுயமதிப்பு சரிந்தது. ஏறியிருந்தால் அந்த அடி விழவில்லை. ‘என் தோலைப் பார்த்துச் சொல்கிறான், கோளாறு அவனுக்கு’ என்று தள்ளிவிட வழி இருந்தது. வேடிக்கை இனிமேல்தான். திரை ஏறியிருந்தபோது வந்த ‘சரி’ சுயமதிப்பைக் குறைத்தது! என்னைப் பிடித்துப்போயா, என் நிறத்தைப் பார்த்து இரக்கப்பட்டா? நம்மூரில் ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்பார்கள். அந்த ‘லும்’ செய்கிற வேலையும் இதுதான்.

பிறகு வாசகி ஏன் அழுதார்? கிராக்கர் குழுவின் 1993 ஆய்வில், ‘உங்களோடு வெளியே போக விருப்பமில்லை’ என்று உடல் பருமனான பெண்களுக்கு ஓர் ஆணிடமிருந்து பதில் வந்தது. எடைதான் காரணம் என்று அவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் அவனைக் குறை சொல்லவில்லை, மனம் சோர்ந்துபோனார்கள். எடை தன் தப்பு என்று நம்புகிறவருக்குத் திரை ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதான்.

எடையைக் குறைக்கலாம், நிறத்தை என்ன செய்வது என்பீர்கள். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ பால் கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்கிறோமே! தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியின் அளவை வகுக்கும் மரபணுக்களுக்கு அந்தப் பால் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை, நிறத்தையும் யாரோ முயற்சி செய்யாததால் வந்த குறையாக்கிவிடுகிறது. முகப்பூச்சு விளம்பரங்கள் சம்பாதித்ததும் இதே கணக்கில்தான். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. கணக்கு மாறியதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: பாட்டி தினமும் பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டியது அக்காவை மட்டும். தங்கை பிறப்பதற்குள் பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் தங்கை போய் அந்த மாம்பழ மஞ்சளை வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறாராம். அக்கா இன்னும் கட்டவில்லை.