பத்து வாட்டில் ஓர் ஊர்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், இந்தியப் பெருங்கடல் ஓரமாகப் புல் போர்த்திய குன்றுகள். அவற்றின் மேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களைச் சேர்த்து மன்கோசி என்கிறார்கள். அங்கே தெரு என்று ஒன்றும் கிடையாது. இந்த மேட்டில் நாலு வீடு, பள்ளம் இறங்கி ஏறினால் அடுத்த மேட்டில் ஆறு வீடு. சுமார் 2012இல் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊர்த் தலைவர்களோடு உட்கார்ந்து, ஊருக்குச் சொந்தமான தொலைபேசி வலையமைப்பு ஒன்றைத் திட்டமிட்டார்கள். அப்போது அங்கே மின்கம்பி எட்டாத வீடுகளே அதிகம். கைப்பேசி மட்டும் பலரிடம் இருந்தது, ஆனால் அதற்குச் சார்ஜ் போடக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

பத்துப் பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சோலார் பேனல், ஒரு பேட்டரி, ஒரு சிறிய வைஃபை கருவி என்று வைத்தார்கள். 2014இல் அது கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானது. பெயர் ஸென்ஸெலேனி. கோசா மொழியில் ‘நீங்களே செய்துகொள்ளுங்கள்’ என்று பொருள். அந்தச் சங்கத்துக்கு முதலில் நிலையாக வந்த வருமானம் தொலைபேசி அழைப்பிலிருந்து வரவில்லை, கைப்பேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்ததிலிருந்து வந்தது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் இணையம் எப்படி இயங்குகிறது என்று விளக்க நான் இந்தத் தகவலிலிருந்துதான் தொடங்குவேன். அங்கே அலைவரிசையைவிட அரிதான பொருள் மின்சாரம்.

சஹாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேர் மின்இணைப்பு இல்லாமல் வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வழக்கமான செல்போன் கோபுரத்தை நிறுத்தினால் அதற்கு டீசல் ஜெனரேட்டர் வேண்டும். டீசலை மழைக்காலத்துச் சேற்றுப் பாதையில் லாரியில் கொண்டுபோக வேண்டும். வழியில் கொஞ்சம் திருட்டுப் போகும், எஞ்சியதில் ஜெனரேட்டர் ஓடும். சில நூறு பேர் மட்டும் பேசும் ஊரில் இந்தச் செலவைக் கட்டணமாகத் திரும்ப எடுக்கவே முடியாது.

பழைய பாணிக் கோபுரம் ஒன்று இழுக்கும் மின்சாரம் கிலோவாட் கணக்கில் இருக்கும். அதில் பெரும்பகுதி அலையாக வெளியே போவதே இல்லை. தரையிலுள்ள அறையில் ரேடியோ கருவிகள் சூடாகும், அவற்றைக் குளிர்விக்க ஏசி ஓடும். அங்கிருந்து கோபுர உச்சிக்குப் போகும் தடித்த கேபிளிலேயே திறனில் பாதிவரை வெப்பமாகக் கரைந்துவிடலாம். ஆகவே கிராமத்துக்கு வடிவமைப்பவர்கள் முதலில் செய்தது, ரேடியோவை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே, கம்பத்தின் உச்சியில் மாட்டியதுதான். காற்றே குளிர்விக்கிறது, நீண்ட கேபிளும் இல்லை. 2017இல் கானாவில் சீன நிறுவனமான ஹுவாவெய் அறிமுகப்படுத்திய ‘ரூரல்ஸ்டார்’ இந்த வகையைச் சேர்ந்தது. பெரிய கோபுரத்துக்குப் பதில் எளிய கம்பம், சூரிய மின்சாரம், தொலைவிலுள்ள கோபுரத்தின் 4ஜி அலையையே வெளியுலக இணைப்பாகப் பயன்படுத்தும் ஏற்பாடு. தேவை சில நூறு வாட்டாகக் குறைந்தால் சூரியன் போதும்.

மன்கோசியில் கணக்கு இன்னும் சிறியது. வைஃபை கருவி ஒன்று சுமார் 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், ஓர் எல்.இ.டி. பல்பு அளவு. 24 மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. வானம் மூடிக் கிடந்தாலும் மூன்று நாள் தாக்குப்பிடிக்க 720 வாட்-மணி சேமிப்பு வேண்டும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், வாங்க வேண்டியது இரு மடங்கு: 1,440 வாட்-மணி. 12 வோல்ட்டில் அது 120 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி. பேனலைக் குளிர்காலத்துக்குக் கணக்கிட வேண்டும். ஒரு நாளில் முழு வெயிலுக்குச் சமமாக 4 மணி நேரம், வழியில் 30 சதவீத இழப்பு என்று கொண்டால் ஏறத்தாழ 86 வாட், அதாவது கடையில் கிடைக்கும் 100 வாட் பேனல் ஒன்று. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அதை வடக்குப் பார்க்கச் சாய்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது கைப்பேசிதான். ஒரு ஸ்மார்ட்போனை முழுதாகச் சார்ஜ் செய்ய, இழப்பையும் சேர்த்தால் சுமார் 20 வாட்-மணி. பன்னிரண்டு போன்கள் என்றால் 240. ஊருக்கே தொடர்பு தரும் கருவி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதைப் பன்னிரண்டு போன்கள் சாப்பிட்டுவிடுகின்றன! சங்கத்துக்கு வருமானம் தரும் வேலையே சங்கத்தின் வலையமைப்பை இருட்டாக்கிவிடக்கூடும். பேனலைப் பெரிதாக்கலாம். அல்லது வெயில் உச்சத்தில் இருக்கும்போது மட்டும், பேட்டரியைத் தொடாமல், போன்களுக்கு ஏற்றலாம். இரண்டாவது வழிக்குச் செலவு இல்லை, ஆனால் சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு வரும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். தொலைத்தொடர்புப் பொறியியலில் இதுவும் சேர்த்திதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்படிப்பட்ட திட்டங்களில் முதலில் சாவது பேட்டரி. கிராமச் சந்தையில் சுலபமாகக் கிடைப்பது கார் பேட்டரி. அது ஒரு நொடி பெரும் மின்னோட்டம் கொடுத்து எஞ்சினைச் சுழற்றிவிட்டு, உடனே நிரப்பிக்கொள்ளப் பிறந்தது. அதற்காக அதன் ஈயத் தகடுகள் மெல்லியதாக இருக்கும். தினமும் ஆழமாகக் காலி செய்தால் சில மாதங்களில் தகடு உதிர்ந்துபோகும். காலியாக அப்படியே விட்டு வைத்தால் இன்னொரு கேடு வருகிறது. ஈய சல்பேட் படிகங்கள் தகட்டின் மேல் இறுகிக் கெட்டியாகி, பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் கரைய மறுக்கும். வெப்பம் அடுத்த எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. தகரக் கூரைக்கு அடியில் பேட்டரியை வைத்தவர்கள் இரண்டு கோடைகளில் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 80 சதவீதம்வரை காலியாவதைத் தாங்கும், எடையும் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஆரம்ப விலை கூட்டுறவுச் சங்கத்தின் கையைக் கடிக்கும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரியின் வோல்ட்டேஜ் சுமார் 11.5க்கு இறங்கியதும் கருவியைத் துண்டிக்கிறது. ‘நெட் போச்சு’ என்று ஊர் கோபப்படும். யாராவது ஒருவர் அந்தப் பெட்டியைத் தாண்டி ஒயரை நேரடியாக இணைத்துவிடுவார். அன்றைக்கு நெட் வரும், பேட்டரி போகும்.

இனி அலை. குன்றுக்குக் குன்று வைஃபை அனுப்புவதற்கு அரை வாட்டுக்கும் குறைவான ரேடியோத் திறன் போதும். குவிந்த ஆன்டெனா எல்லாத் திசையிலும் ஒளியைச் சிந்தாத டார்ச்சைப் போலச் செயல்படுகிறது. வெனிசுவேலாவில் 2007இல் இரண்டு மலைகளுக்கு இடையே 382 கி.மீ. தூரம் வைஃபை இணைப்பு ஏற்படுத்திக் காட்டினார்கள். தேவைப்படுவது பார்வைக்குத் தடையில்லாத பாதை. 30 கி.மீ. இணைப்பில் பூமியின் வளைவு மட்டுமே நடுவில் 13 மீட்டர் புடைத்து நிற்கும். அதற்கு மேல், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை கோடு போல மெல்லியதாகப் போகாமல் நடுவில் பருத்துப் போவதால், இன்னும் 12 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். ஆக, கண்ணுக்குத் தெரியும் குன்று எல்லாம் அலைக்குத் தெரிந்துவிடாது.

மரமும் மேடும் மறைக்கும் இடத்துக்குக் கென்யாவின் நன்யுக்கி பகுதியில் 2013இல் வேறு வழி முயன்றார்கள். தொலைக்காட்சி ஒளிபரப்பில் காலியாக இருக்கும் அலைவரிசைகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த நீண்ட அலை இலைகளை ஊடுருவிச் செல்லும். மைக்ரோசாப்ட் துணையோடு சூரிய மின்சாரத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயர் மவிங்கு. சுவாஹிலியில் மேகங்கள் என்று அர்த்தம்.

மன்கோசியின் கருவிகள் ஒரு மையத்தை நம்பி இல்லை. ஒவ்வொரு கருவியும் சிறிது நேரத்துக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். கேட்ட கருவி அதை அடுத்ததற்குச் சொல்லும். முழு ஊரின் வரைபடம் எதனிடமும் இல்லை, இன்ன வீட்டின் சேதி எந்த அண்டை வீடு வழியாக நன்றாக வந்தது என்பதை மட்டும் ஒவ்வொன்றும் நினைவில் வைத்துக்கொள்ளும். தெரியாத ஊரில் முச்சந்திக்கு முச்சந்தி வழி கேட்டுப் போகிறோமே, அதே முறை. ஒரு வீட்டின் பேட்டரி இறங்கினால் சேதி வேறு வீடு வழியாகச் சுற்றிப் போகும். இதற்கு விலை உண்டு. ஒரே ரேடியோ வாங்குவதும் கொடுப்பதுமாக இருப்பதால், நடுவே ஒரு வீடு சேதியைக் கைமாற்றினாலே வேகம் ஏறக்குறையப் பாதியாகும், அடுத்தடுத்த கைமாற்றங்களில் இன்னும் தேயும். குரலுக்கு அது போதும், வீடியோவுக்குத் திணறும்.

வானத்திலிருந்தே தீர்த்துவிடலாம் என்றும் முயன்றார்கள். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட், லூன் என்ற பெயரில் சூரிய மின்சாரத்தில் இயங்கும் பலூன்களைச் சுமார் 20 கி.மீ. உயரத்தில் மிதக்கவிட்டது. 2020 ஜூலையில் கென்யாவில் வணிகச் சேவை தொடங்கியது. 2021 ஜனவரியில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை. அந்தப் பலூன்களின் பொறியியல் பிரமாதமானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பலூன் இறங்கினால் ஊர்க்காரர் ஏறிப் போய்ச் சரிசெய்ய முடியாது.

2023 ஜனவரியில் நைஜீரியாவில் தொடங்கி, செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் ஒவ்வொரு நாடாக வந்துகொண்டிருக்கிறது. பழைய புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில் இருந்ததால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடி இடைவெளி விழும். ஸ்டார்லிங்க் சுமார் 550 கி.மீ.யில் சுற்றுவதால் அந்தத் தாமதம் தெரிவதில்லை. எந்தக் குன்றும் குறுக்கே நிற்காது. ஆனால் அதன் வழக்கமான டிஷ், மாடலைப் பொறுத்து, 50 முதல் 100 வாட் இழுக்கும். 60 வாட் என்று கொண்டாலும் நாளொன்றுக்கு 1,440 வாட்-மணி. மூன்று மப்பு நாளைத் தாங்க நாம் முன்பு வாங்கிய பேட்டரியின் மொத்தக் கொள்ளளவும் இதற்கு ஒரே நாளில் தீர்ந்துபோகும்.

இரவு 10 மணிக்கு டிஷ்ஷை அணைத்துக் காலை 6 மணிக்குப் போடும் ஒரு டைமர் வைத்தால் 480 வாட்-மணி மிச்சம். அந்த எட்டு மணி நேரம் வெளியுலகக் கதவு சாத்தியிருக்கும். குன்றுக்குக் குன்று நிற்கும் பத்து வாட் கருவிகளோ விழித்தே இருக்கும். நள்ளிரவில் ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், பள்ளத்துக்கு அப்பாலுள்ள வீட்டை அழைக்க அவை போதும்.