உள்காய்ச்சலுக்கு என்ன இலக்கம்?

மாரி மழை தொடங்கிய பின் மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் சிறிது நேரம் அமர்ந்திருந்தால், "உடம்பு சுடல்ல, உள்ளுக்குத்தான் காயுது" என்று யாராவது சொல்வதைக் கேட்கலாம். பல்லுக் கிட்டும் அளவுக்குக் குளிர்ந்து நடுங்கிய ஒருவருக்கு வெப்பமானி 37 பாகை செல்சியசைக்கூடக் காட்டவில்லை என்றால், அந்த நிலையை எங்கள் பக்கத்தில் உள்காய்ச்சல் என்பார்கள். நோய்களுக்கு இலக்கமிடும் சர்வதேச வகைப்பாட்டின் அமெரிக்கப் பதிப்பிலோ இதற்கு ஆர் (R) 68.83 என்ற தனிக் குறியீடு உண்டு. அதன் பெயர் 'காய்ச்சல் இல்லாத குளிர்நடுக்கம்'. ஒன்று உள்ளே காய்ச்சல் இருக்கிறது என்கிறது, மற்றது காய்ச்சலே இல்லை என்கிறது. இரண்டில் எது சரி என்பது வெப்பமானியை எப்போது வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஐப்போதலமசு உடல் வெப்பத்துக்கு ஓர் இலக்கு அளவை வைத்திருக்கிறது. கிருமி உட்புகுந்ததும் நோயெதிர்ப்புக் கலங்கள் வெளிவிடும் பொருட்கள் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பதார்த்தத்தைக் கூட்ட, அந்த இலக்கு 37இலிருந்து 39 பாகைக்கு உயர்த்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரத்தம் இன்னும் 37 பாகையில்தான் இருக்கிறது. ஆனால் மூளையின் கணக்கில் உடல் 2 பாகை குளிர்ந்துவிட்டது. எனவே தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளே அடைக்கின்றன, தசைகள் விரைவாகச் சுருங்கி விரிந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. இந்தத் தசை வேலையைத்தான் நாம் நடுக்கம் என்கிறோம். அந்த வேளையில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாயின் கைக்கு அது குளிராகவே படும். உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்க வெளியே தோல் குளிர்ந்திருக்கும் அந்தக் கட்டத்துக்கு 'உள்காய்ச்சல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் மருத்துவத் தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதே நடுக்கம் வேறு வழிகளிலும் வரும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவரின் இரத்தத்தில் சீனி திடீரெனக் குறைந்தாலும், மயக்க மருந்திலிருந்து தெளியும்போதும், கடும் பதற்றத்திலும், மழையில் நனைந்து வாடைக்காற்றில் நின்றாலும் உடல் நடுங்கும். முதியவர்களிடம் கிருமி இரத்தத்தில் பரவியிருந்தும் வெப்பம் ஏறாமல் போகலாம். 36 பாகைக்குக் கீழே இறங்கவும் கூடும். எல்லாவற்றையும்விட நம் ஊரில் அடிக்கடி நடப்பது, வைத்தியசாலைக்குப் புறப்படுமுன் இரண்டு பனடோல் விழுங்கிவிட்டு வருவது. பனடோலிலுள்ள பரசிற்றமோல் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைத்து இலக்கைக் கீழே கொண்டுவருவதால், வெப்பமானி காட்டும் எண் நோயைப் பற்றியதாக அல்லாமல் மாத்திரையைப் பற்றியதாக ஆகிவிடுகிறது.

உலக சுகாதார அமைப்பு வெளியிடும் அந்த வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில் ஆர் எனத் தொடங்கும் அத்தியாயம், நோய் இன்னதென்று தெரியாதபோது அறிகுறிகளை இடுவதற்கானது. அதில் ஆர் 50 காய்ச்சலுக்குரியது. குளிரோடு வரும் காய்ச்சலும் அங்கேதான் சேரும். ஆர் 68.8 என்பது வேறெங்கும் அடங்காத பொது அறிகுறிகளின் பெட்டி. அமெரிக்கர் இந்தப் பெட்டியை மேலும் பிரித்தபோது, சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிடுவதற்கு 68.81உம் தாடை வலிக்கு 68.84உம் கிடைக்க, இடையில் நம் நடுக்கத்துக்கு 68.83 வாய்த்தது. விசித்திரமான அயலவர்கள்தான். ஆர் 50இன் கீழ் காய்ச்சலற்ற குளிர்நடுக்கத்தை இங்கே சேர்க்கக் கூடாது என்ற விலக்குக் குறிப்பும் உள்ளதால், ஒரே வருகைக்கு இரண்டையும் சேர்த்து எழுத முடியாது.

ஆனால் 68.83இன் கீழ், வேறு விவரம் எதுவும் இன்றி 'குளிர்நடுக்கம்' என்று மட்டும் எழுதப்பட்டதும் அடங்கும். குறியிடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. வெளிநோயாளர் துண்டிலோ, வைத்தியசாலை விடுதியில் 'டிக்கட்' எனப்படும் பதிவேட்டிலோ இருப்பதைத்தான் பார்க்கிறார். வைத்தியர் காய்ச்சலைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டால், அந்த மௌனமே 'காய்ச்சல் இல்லை' என்று இலக்கமாகிவிடுகிறது. காய்ச்சலைத் தேடிப் பார்த்து இல்லையென்று அறிவதும், தேடாமலே விடுவதும் புள்ளிவிபரத்தில் ஒன்றாகவே தெரியும்.

சம்மாந்துறைப் பக்கம் வட்டைக்குள் (வயல்வெளியில்) வேலை செய்யும் ஒரு விவசாயியைக் கற்பனை செய்வோம். 'குளிர், நடுக்கம்' என்ற இரண்டு சொற்கள் அவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அதிகாலை 4 மணிக்கு அரைமணி நேரம் உடல் குலுங்க நடுங்கினார், 5 மணிக்குப் பனடோல் இரண்டு எடுத்தார், 8.30க்கு வாய்வழி வெப்பம் 36.9 பாகை, கெண்டைக்கால் தசையில் நோ, கண் சிவப்பு, பத்து நாட்களாக வயற்சேற்றில் வேலை என்று எழுதினால், அடுத்துப் பார்க்கும் வைத்தியருக்கு எலிக்காய்ச்சல் உடனே நினைவுக்கு வரும். உடல் குலுங்கும் நடுக்கம், போர்வை தேடும் இலேசான குளிரைவிட, இரத்தத்தில் கிருமி பரவியிருப்பதைக் கூடுதலாகச் சுட்டுவது என்பதால் நடுக்கத்தின் கடுமையையும் எழுத வேண்டும்.

எலிக்காய்ச்சல் உறுதியானதும் ஏ 27 என்ற குறியீடு வருகிறது. நடுக்கம் அந்நோயின் இயல்பான பகுதி என்பதால் அதற்குத் தனி இலக்கம் இல்லை. சந்தேகம் மட்டும் இருந்தால் விதிகள் பிரிகின்றன. அமெரிக்க வெளிநோயாளர் விதிப்படி சந்தேக நோய்க்கு இலக்கமிடக் கூடாது, அறிகுறிக்கே இட வேண்டும். உலக சுகாதார அமைப்பின் விதியோ, சிகிச்சை முடிந்த பின்னும் 'சந்தேகம்' என்றே நின்று மேலதிகத் தகவல் எதுவும் இல்லாவிடில், அதை உறுதியானது போலவே குறியிடச் சொல்கிறது. இலங்கையில் விடுதி நோயாளரின் விபரங்கள் இந்தப் பத்தாம் திருத்தத்தின் அடிப்படையிலேயே தொகுக்கப்படுகின்றன. ஆயினும் எலிக்காய்ச்சல் அறிவிக்கப்பட வேண்டிய நோய். சந்தேகம் எழுந்த உடனேயே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் படிவம் போக வேண்டும், ஆகவே அது இறுதிக் குறியீட்டுக்காகக் காத்திருப்பதில்லை.