செயின் போட்டால் மட்டும் வண்டி தாழாமல் இருக்காது

"ஏனுங்க, அறுக்கற வண்டி செயின்லதான சேத்துல ஓடுது? அதே செயினை நம்ம டிராக்டருக்கும் மாட்டிக் குடுத்தா என்னங்க?" பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர்கள் இப்போது என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. விரிப்பு (முதல் போக நெல்) அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஆலத்தூர், நெம்மாறை பக்கத்து வயல்களில் டயர் வண்டி இறங்கவே முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வரும், டயருக்குப் பதில் அகலமான ரப்பர் பட்டையில் ஓடும் செயின் வண்டிதான் சாய்ந்த கதிரையும் அறுத்துக்கொண்டு வெளியே வரும். அதைக் கண்ணால் பார்த்த ஒருவருக்கு, முண்டகனுக்கு (இரண்டாம் போகத்துக்கு) சேறடிக்கும்போது தன் டிராக்டர் அச்சு வரை தாழ்ந்து நின்றால், இந்த யோசனை வரத்தான் செய்யும்.

டிராக்டரின் அடிப்பாகத்தை, அதாவது செயின், அதன்மேல் எடையைத் தாங்கி உருளும் ரோலர், சக்கரம் இவற்றை வடிவமைப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். செயின் நல்ல தீர்வு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டியின் எடை எவ்வளவு, அது செயினின் எந்த இடத்தில் விழுகிறது, நம் வயலின் அடிமண் எப்படி இருக்கிறது, இதையெல்லாம் பார்க்காமல் மாட்டினால் காசும் போகும், வயலும் கெடும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 2,400 கிலோ வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் 40 செ.மீ. அகலச் செயின், அதில் 150 செ.மீ. நீளம் தரையில் படிகிறது. இரண்டும் சேர்ந்து 12,000 சதுர செ.மீ., ஆக ஒரு சதுர செ.மீ.க்கு 0.2 கிலோ. 70 கிலோ ஆள் சேற்றில் ஒற்றைக்காலில் நின்றால், பாதம் 200 சதுர செ.மீ. என்று கொண்டாலும் 0.35 கிலோ வருகிறது. டயரின் கீழே விழும் அழுத்தம் ஏறக்குறைய அதில் அடைத்திருக்கும் காற்றை ஒட்டியே இருக்கும். பின் டயரில் 14 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் அது சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ. ஆள் நடந்தாலே கணுக்கால் புதையும் வயலில் செயின் வண்டி மேலாக ஓடுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இது ஒன்றும் புதிதும் இல்லை. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊரை ஒட்டிய ஆற்றுப்படுகை நிலம் பஞ்சு மாதிரி அமுங்கும் மண். அங்கே ஓட்டிய நீராவி டிராக்டர்களுக்குச் சக்கரத்தை அகலமாக்கிக்கொண்டே போய், ஒரு வண்டி மொத்தம் 46 அடி அகலம் வரை வந்துவிட்டது. அப்புறம்தான் அங்கே டிராக்டர் செய்துவந்த பெஞ்சமின் ஹோல்ட் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரப்பலகை கோத்த செயினை மாட்டி, 1904 நவம்பர் 24 அன்று ஓட்டிப் பார்த்தார். உழவு டிராக்டருக்கு ரப்பர் பெல்ட் வந்தது ரொம்பப் பின்னால், 1980-களின் கடைசியில், கேட்டர்பில்லரின் சேலஞ்சர் 65 மூலமாக.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன 0.2 கிலோ, வண்டியின் எடை செயினின் நட்டநடுவில் விழுந்தால் மட்டும்தான். டிராக்டர் அப்படி நிற்பதில்லை, பின்னால் சுழலும் கத்தியால் சேறடிக்கும் ரோட்டவேட்டர் தொங்குகிறதே. 450 கிலோ ரோட்டவேட்டரைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள், அதன் எடை செயினின் நடுவிலிருந்து 150 செ.மீ. பின்னால் விழுகிறது என்றால், மொத்த எடையின் மையம் சுமார் 24 செ.மீ. பின்னால் நகர்ந்துவிடும். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு: மையம் செயின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு நகர்ந்தால், ஒரு முனையில் அழுத்தம் பூஜ்யம், மறுமுனையில் சராசரிக்கு இரண்டு மடங்கு. 150 செ.மீ. செயினில் ஆறில் ஒரு பங்கு 25 செ.மீ. நாம் 24-ல் நிற்கிறோம். முன்முனை கிட்டத்தட்ட காற்றில். பின்முனையில் சதுர செ.மீ.க்கு 0.46 கிலோ. ஒற்றைக்காலில் நிற்கும் ஆளைவிட அதிகம். "செயின் போட்டும் பின்பக்கம் உக்காந்துக்குதுங்க" என்று வருகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் கோளாறு இதுதான். வயலின் கடைசியில் திருப்பும்போதுதான் தாழ்கிறது என்பார்கள். கருவியைத் தூக்குவது அங்கேதானே.

இதற்குச் செலவே இல்லாத ஒரு தீர்வு இருக்கிறது, வடிவமைக்கும்போதே செய்தால். செயின் மொத்தத்தையும் 12 செ.மீ. பின்னால் தள்ளி வைத்துவிட வேண்டும். அப்போது கருவி இல்லாத வண்டியில் எடையின் மையம் நடுவுக்கு 12 செ.மீ. முன்னால் இருக்கும், கருவியைத் தூக்கினால் கிட்டத்தட்ட அதே 12 செ.மீ. பின்னால் போகும். உச்ச அழுத்தம் 0.46-லிருந்து 0.35-க்கு இறங்கிவிடும். முன்னால் இரும்பு வெயிட் தொங்கவிட்டும் மையத்தைக் கொண்டுவரலாம்தான், ஆனால் அந்த வெயிட்டையும் சேறுதானே சுமக்க வேண்டும்! அதனால் செயின் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எந்தக் கருவியை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அங்கே மாட்ட வேண்டாம்.

வெயிட் பற்றிப் பேசும்போது இன்னொன்று. பிடிப்பு வேண்டும் என்று பின் டயரில் தண்ணீர் நிரப்புவது நம் பக்கம் பழக்கம். ஆற்றோர மணல் பூமியில் அது சரி, அங்கே எடை கூடக் கூடப் பிடிப்பும் கூடும். நீர் ஊறிய களிமண்ணில் எடை பிடிப்பைக் கூட்டாது. மண்ணின் ஒட்டும் தன்மையும், எவ்வளவு பரப்பு மண்ணைப் பற்றுகிறது என்பதும்தான் அங்கே இழுவையைத் தீர்மானிக்கின்றன. எடையைக் கூட்டினால் தாழ்வதுதான் மிச்சம். அதோடு சேறடிப்பில் ரோட்டவேட்டருக்குப் பெரிய இழுவையே வேண்டியதில்லை, கத்தி சுற்றும் திசையே வண்டியை முன்னால் தள்ளும். எனவே சேற்றுக்கென்று செய்யும் வண்டி கனமாக இருக்கத் தேவையில்லை. ஜப்பானில் முன்னால் டயரும் பின்னால் மட்டும் ரப்பர் செயினுமாக டிராக்டர்கள் விற்கிறார்களே, அதை நம் வயலுக்கு ஏற்றபடி எடை குறைத்துச் செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

அடுத்தது அடிமண். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். வருடக்கணக்காகச் சேறடித்த நெல் வயலில் ஒரு சாண் ஆழத்தில் இறுகிய அடுக்கு ஒன்று இருக்கும். மேல்சேறு எவ்வளவு குழைந்தாலும் வண்டியைத் தாங்குவது அந்த அடுக்குதான், தண்ணீரைக் கீழே இறங்காமல் பிடித்து வைப்பதும் அதுதான். கனமான வண்டி ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போய் அதை ஒரு இடத்தில் உடைத்துவிட்டால், அந்த இடம் ஆளை இழுக்கும் உளைச்சேறாகிவிடும். அடுத்த போகத்தில் அங்கே இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தாழும், அதற்கடுத்த போகத்தில் இன்னும் கொஞ்சம். மூலத்தறைக் கால்வாயில் தண்ணீர் விட்டதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும், கிடைத்த வண்டியை இறக்குகிறோம், அது எத்தனை டன் என்று பார்ப்பதில்லை. செயின் அகலமாக இருந்தால் மேல்மண் தப்பிக்கும். அடிமண்ணுக்கு எவ்வளவு சுமை போகிறது என்பது பெரும்பாலும் வண்டியின் மொத்த எடையைப் பொறுத்தது, செயின் அதை மாயமாக்கிவிடாது. எருத்தேன்பதிப் பக்கத்துக் கரிசலில் நிலக்கடலையோ காய்கறியோ போடுபவருக்கு இதே அடுக்கு எதிரி, வேர் இறங்காது, அவர் உளிக்கலப்பை போட்டு உடைக்கத்தான் வேண்டும். உடைத்த வயலில் பின்னால் நெல் வைக்க நினைத்தால், முதல் போகத்துக்குக் கனமான வண்டியை இறக்காதீர்கள்.

வண்டியை இறக்கும் முன் நான் செய்யச் சொல்லும் சோதனை எளிது. வெறுங்காலோடு வயலில் இறங்கி, நாலைந்து இடத்தில் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். கால் எங்கே கெட்டியான தரையைத் தொடுகிறது என்று குச்சியில் அடையாளம் வையுங்கள். அந்த ஆழம் வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நெருங்கினால் இறக்கவே கூடாது. வயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டால் செயின் சுற்றும், வண்டி நகராது. அதனால்தான் நல்ல வடிவமைப்பில் அடியில் போல்ட், பைப் எதுவும் துருத்தாமல் வழவழப்பான தகடு அடித்திருக்கும்.

பழைய அறுவடை வண்டியில் கழற்றிய ரப்பர் செயினை டிராக்டருக்கு மாட்டுவது பற்றி. 450, 500 மி.மீ. அகலத்தில், 90 மி.மீ. பல் இடைவெளியில் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அது தன் எடையைத் தானே சுமந்து ஓடும் வண்டிக்காகச் செய்தது. கலப்பையோ டிரெய்லரோ இழுக்கும்போது, செயினைச் சுற்றவைக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல் பிடிக்கும் இடத்தில் உள்ளிருக்கும் இரும்பு தளர்ந்து, ரப்பர் கிழிந்து, கம்பி வெளியே வரும். அந்தக் கம்பி வழியாகத் தண்ணீர் புகுந்து துரு ஏறினால் அறுந்துபோக நாளாகாது. வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெளிப்பக்கத்துக் கட்டைகள் புதிதாகத் தெரிவதில் அர்த்தமில்லை. இன்னொன்று, சேறும் தாளும் ஸ்பிராக்கெட்டில் அடைத்து செயினை விறைக்க வைக்கும். அதற்குப் பயந்து டிரைவர்கள் தளர்த்தி வைப்பார்கள். தளர்ந்த செயின் திருப்பத்தில் கழன்றுவிடும், அதுவும் நடுவயலில். தினமும் சாயங்காலம் சேற்றைக் கழுவி, ரோலர் ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். சீல் போன ரோலரில் மணல் புகுந்தால் பேரிங் அதிக நாள் தாங்காது.

மேடுபள்ளமான நிலத்தில் வரப்பு தாண்டுவதுதான் பெரிய ஆபத்து. செயின் வண்டி வரப்பில் மூக்கைத் தூக்கிக்கொண்டே ஏறும், எடையின் மையம் உச்சியைத் தாண்டிய கணத்தில் மொத்தமாக முன்னால் விழும். டயர் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிது. படிப்படியாக இறங்கும் நம் வயல்களில் மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு இறங்கும்போது விழும் உயரமும் அதிகம். மண் கொட்டிச் சரிவு கட்டுங்கள், நேராக ஏறுங்கள், கோணலாக ஏறினால் பக்கவாட்டில் சாயும். சேற்றில் ஒரே இடத்தில் நின்று வட்டமடிக்கவும் வேண்டாம். திரும்பும்போது செயின் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளுகிறது, செயின் நீளமாக இருந்தால் இன்னும் அதிகம். அகலமாக வளைத்துத் திருப்புவதுதான் வயலுக்கு நல்லது.

கடைசியாக, தாழ்ந்த டயர் வண்டியை எடுக்கப் பின்சக்கரத்தில் மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி கிளட்சை விடும் பழக்கம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் என்ஜினின் வேகம் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும், ஓரிரு நொடியில் பின்னால் கவிழ்ந்துவிடும், டிரைவர் கிளட்சை மிதிக்க நேரமே இருக்காது. சக்கரம் சுழன்று குழி பறிக்க ஆரம்பித்ததுமே நிறுத்திவிடுங்கள். கருவியைக் கழற்றுங்கள், சக்கரத்தைச் சுற்றி மண்ணை வெட்டுங்கள், உள்ளே போன தடத்திலேயே பின்னால் எடுங்கள். இன்னொரு வண்டியால் இழுப்பதென்றால் அது கெட்டியான தரையில் நிற்க வேண்டும், இழுக்கிற வண்டியில் கயிற்றைத் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில் (டிராபார்) மட்டுமே கட்ட வேண்டும். கருவியை மேலே பிடிக்கும் டாப் லிங்க்கில் கட்டினால் அந்த வண்டியும் கவிழும். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வீசும், அதன் நீளத்தைவிடத் தள்ளியே எல்லோரும் நிற்க வேண்டும். வண்டி மாட்டிக்கொண்டது என்றதும் பார்க்க ஓடிவரும் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இழுக்க ஆரம்பியுங்கள்.