பூஸ்டரைக் கழற்றுங்கள், அண்ணாச்சி

மதுரை விளக்குத்தூண் பக்கம் மறுபடியும் ஒரு பூஸ்டர், அதாவது போன் சிக்னலைப் பெருக்கும் கருவி. ஜவுளிக்கடை, மொட்டைமாடியில் சின்ன ஆன்டெனா, கல்லாவுக்கு மேலே பச்சை லைட் மினுக்கும் பெட்டி, ஆன்லைனில் வாங்கியது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் மத்தியானத்துக்குள் பேட்டரி காலி, கால் கட்டாகிறது என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ நெட்வொர்க் வேலை பார்க்கும் எனக்கு அலுத்துப்போன கதை இது.

"வர்ற சிக்னலைத்தான சார் இழுக்குறேன், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் அண்ணாச்சி. இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூஸ்டர் இழுப்பதோடு நிற்காது, டவரை நோக்கிக் கத்தவும் செய்யும். கடைக்குள் யாருமே போனைத் தொடாதபோதும், ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகும், வெறும் இரைச்சலை, அதாவது எந்தச் செய்தியும் இல்லாத ரேடியோ அலையைப் பெருக்கி டவர்மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் மற்ற போன்கள் சொல்வது டவருக்குக் கேட்காது, உடனே அது ஒவ்வொரு போனுக்கும் 'பவரைக் கூட்டு' என்று உத்தரவு போடும். டவர் பக்கத்தில் இருந்தால் 4ஜி போன் தன் உச்ச பவரான 0.2 வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடச் செலவழிக்காமல் வேலையை முடித்துவிடும். இரைச்சல் இருந்தால் அதே போன் உச்சத்துக்கே போய் நின்று சூடாகும். 'வந்து சேர்ந்தது' என்று போன் அனுப்பும் பதிலும் டவரை எட்டாததால், டவர் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பும். ஆக, ரெண்டு பக்கமும் கரண்ட் வீண். போனில் தெரியும் கோடுகள் உங்கள் போனுக்கு டவர் எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். உங்களை டவர் கேட்கிறதா என்பதை அவை சொல்லவே சொல்லாது.

மொபைல் நெட்வொர்க் தின்னும் மின்சாரத்தில் பெரும்பங்கு டவரில் இருக்கும் ரேடியோவுக்குத்தான். 4ஜி டவர் ஊரே தூங்கினாலும் மில்லிசெகண்டுக்கு மில்லிசெகண்டு 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 5ஜியில் அந்த அறிவிப்பு பொதுவாக 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை என்பதால் நடுவில் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவைக்க முடிகிறது. நடுராத்திரியில் கூட்டத்துக்காகப் போட்டிருக்கும் கூடுதல் அலைவரிசைகளையும் நிறுத்திவிடுவோம். அப்போது ஒரு கோடு குறைந்தால் அது கோளாறு இல்லை. அதற்காகப் போய் பூஸ்டர் வாங்காதீர்கள், சாமி.

சரி, உள்கடையில் சிக்னல் நிஜமாகவே வராது என்றால்? வைஃபை காலிங்கைப் போடுங்கள், கால் வைஃபை வழியாகப் போய்விடும். 5ஜி வந்து வந்து போகிற இடத்தில் 4ஜியோடு நிறுத்துங்கள். சிக்னலே எட்டாத குடோனுக்குள் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் டவரைத் தேடியே பேட்டரியைத் தின்னும். பெரிய கட்டடம் என்றால் சங்கமாகச் சேர்ந்து கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள், உள்ளேயே சின்ன ஆன்டெனா போட வழி இருக்கிறது. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆன்லைனில் விற்பதால் அது சட்டப்படி சரியென்று ஆகாது.

அப்புறம், நாங்கள் இரைச்சலை அளக்கும் கருவியோடு தெருவுக்குள் வருவதைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு "அப்படி எதுவும் இல்லையே சார்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் அணைத்த அந்த நொடியே என் கருவியின் திரையில் இரைச்சலைக் காட்டும் கோடு சரேலென்று இறங்கும், எந்தக் கடை என்று தேடுகிற வேலையும் எனக்கு மிச்சம்.