கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகு

கொடுமையான உறவிலிருந்து வெளியே வா என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வந்த பிறகு என்ன என்று பேசத்தான் ஆளில்லை. மனநல ஆலோசகராக நான் அதிகம் பார்ப்பது அந்த அடுத்த சில மாதங்களைத்தான். ஸ்பானிஷ் பாப் பாடல்கள் சில அதைத் தைரியமாகப் பேசுகின்றன.

ஸ்பெயின் பாடகி பெபே 2004-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 'மாலோ' என்றொரு பாட்டு. அடி வாங்குகிறவள் பாடுகிறாள். நேசிக்கிறவரை யாரும் காயப்படுத்த மாட்டார்கள் என்று அடிக்கிறவனிடமே சொல்கிறாள். அந்த ஆண்டு டிசம்பரில்தான் பாலின வன்முறைக்கு எதிரான தனிச்சட்டம் ஸ்பெயினில் நிறைவேறியது.

எனக்கு இன்னும் நெருக்கமானது அதே ஆல்பத்தின் 'எயா'. அதில் வரும் பெண் இரவெல்லாம் தூங்கவில்லை, ஆனாலும் களைப்பில்லை. கண் இமை முடிக்கு வண்ணம் தீட்டுகிறாள். தன் காலடிச் சத்தம் கேட்கட்டும் என்றே ஹீல்ஸ் போடுகிறாள். வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடந்தே பழகிப்போன பெண்களை நான் அறிவேன். என் அறையில் தண்ணீர் குடித்தால்கூட டம்ளரை ஓசைப்படாமல்தான் கீழே வைப்பார்கள். அவர்களை நினைத்தால் அந்த ஹீல்ஸ் அலங்காரமாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு இடத்தில் அந்தப் பாட்டோடு எனக்கு உடன்பாடில்லை. கதவை ஒரு தடவை அறைந்து சாத்தினால் பயம் உடைந்துவிடும் என்கிறது. உடையாது. பிரிந்து வந்த புதிதில்தான் மிரட்டலும் பின்தொடர்தலும் பல நேரம் கூடும். நடுவில் கெஞ்சலும் வரும். அடியும் மன்னிப்பும் மாறி மாறி வந்த உறவு மனதை அவ்வளவு எளிதில் விடாது. "திரும்பப் போயிடலாமான்னு இருக்கு" என்று ஒருத்தி சொன்னால் அவளைத் திட்டாதீர்கள். அவள் அப்படிச் சொல்வது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான்.

அப்புறம் ஷகீரா. 2023 ஜனவரியில் அர்ஜென்டினா இசைத் தயாரிப்பாளர் பிஸாராப்போடு சேர்ந்து, தன் பிரிவைப் பற்றிப் பாடினார். பெண்கள் இனி அழுவதில்லை, சம்பாதிக்கிறார்கள் என்ற அதன் வரி உலகமெங்கும் பரவியது. அழுவதை நான் தடுக்க மாட்டேன். சம்பாத்தியத்தைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் சம்பளம் வந்தால் மட்டும் போதாது. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு வேலை இருந்தது, தன் பெயரில் வங்கிக் கணக்கும் இருந்தது. கணக்கோடு இணைத்திருந்த செல்போன் எண் மட்டும் கணவனுடையது. நூறு ரூபாய் எடுத்தாலும் மெசேஜ் அவனுக்குப் போகும். அவளுடைய விடுதலை வங்கிக் கவுன்ட்டரில், எண்ணை மாற்றும் படிவத்தில் தொடங்கியது.

போனில் இன்னொரு விஷயமும் உண்டு. பாலின வன்முறைக்கு ஆளானவர்களுக்கான ஸ்பெயினின் 016 உதவி எண்ணுக்குப் பேசினால் பில்லில் வராது, ஆனால் போனின் அழைப்புப் பட்டியலில் நிற்கும். தமிழ்நாட்டில் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கொடுமை செய்கிறவன் உங்கள் போனை எடுத்துப் பார்க்கிறவன் என்றால், பேசி முடித்ததும் பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழித்துவிடுங்கள். முடிந்தால் நம்பிக்கையான தோழியின் போனிலிருந்து பேசுங்கள்.